வராமல் போன எட்டு மீட்டர்

கல்லை அறுக்கிறவனுக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும் என்று டாக்டர் ரஸ்தேகார் கேட்டபோது என் கையில் சூடான தேநீர் இருந்தது. அதை அவர் முகத்தில் ஊற்றாமல் குடித்து முடித்தேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அவர் கேட்டது கொதாகரமை. அஹ்வாஸ் நகரில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பாறை ஆய்வுக்கூடத்தில் கொதாகரம் ரம்பம் பிடிப்பவர், நான் அளவு எடுப்பவள். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஒரு வக்கீல் வந்து கதவைத் தட்டுவான்.

கிணறு தோண்டும்போது அடியிலிருந்து பாறையை உருளை உருளையாக எடுத்து வருவார்கள். அதற்குக் கோர் என்று பெயர். மீட்டருக்கு ஒன்றாகக் கொதாகரம் அதிலிருந்து கட்டைவிரல் நீளத் துண்டு அறுத்துத் தருவார். நான் அதை ரப்பர் உறைக்குள் இறுக்கி, ஒரு பக்கம் வாயுவை அழுத்தி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று பார்ப்பேன். கல்லுக்குள் எவ்வளவு காலியிடம் இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அந்த இடத்திலிருந்து எதுவும் வெளியே வர வழி இருக்கிறதா என்பது வேறு கணக்கு. எங்கள் மலைச் சுண்ணாம்புப் பாறையில் இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. இது தெரிவதற்கு டெஹ்ரானில் போய் டாக்டர் பட்டம் வாங்க வேண்டியதில்லை.

கொதாகரம் பக்தியாரி இனத்து மலைக்காரர். பர்தெஸ்பீ என்று நாற்பது வீட்டுக் கிராமம். மலையின் காலடியில் பாறை வெடிப்பிலிருந்து ஓர் ஊற்று வரும். ஆட்டுக்கும் ஆளுக்கும் வாதுமைத் தோப்புக்கும் அந்த ஒரு தண்ணீர்தான். பத்தொன்பது வயதில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலைக்குச் சேர்ந்து, பன்னிரண்டு வருடம் குழாய் மாட்டி, இடது கையில் இரண்டு விரலைச் சங்கிலிக்குக் கொடுத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர். போர்க் காலத்தில் அஹ்வாஸ் மேல் குண்டு விழுந்தபோது பாதி ஊர் ஓடிவிட்டது. இவர் இருந்து, கோர்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நிலவறைக்குச் சுமந்தார். பெட்டியைத் தலைகீழாக அடுக்கிய சிப்பாயை ஓங்கி ஓர் அறை விட்டாராம். சிப்பாயின் அதிகாரி வந்து கேட்டதற்கு, "உன் ஆளு ஆறு கோடி வருஷத்தைக் கவுத்து வெச்சிட்டான், ஒரு அறைதானே விட்டேன்" என்றாராம்.

அவருக்கு ஆய்வுக்கூடத்தில் உடைசல் என்று பட்டப்பெயர். கோர் எடுக்கும்போது முழு உருளையாக வருவதைப் பெட்டியில் வைப்பார்கள். நொறுங்கி வருவதைத் துணிப்பையில் அள்ளி மூலையில் போடுவார்கள். சில மீட்டர் வரவே வராது, குழாய்க்குள் காற்றுதான் இருக்கும். நல்ல கல் கிடைக்கிற இடத்தில் துண்டு அறு, உடைந்திருந்தால் பக்கத்து நல்ல கல்லுக்குப் போ என்பதுதான் எங்கள் கூடத்து வழக்கம். நொறுங்கிய கல்லை ரப்பர் உறையில் இறுக்க முடியாதே. முப்பது வருடமாக அப்படித்தான் செய்தோம். கொதாகரம் மட்டும் அந்தப் பைகளை வீசவிட மாட்டார். ஆழத்தை எழுதி, கயிறு கட்டி, தன் ரம்ப மேசைக்குக் கீழே அடுக்கி வைப்பார். கூட்டிப் பெருக்க வரும் பெண் திட்டாத நாள் இல்லை.

போர் முடிந்து ஒன்பதாவது வருடம் ஏழாம் கிணறு வந்தது. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்புத் தண்ணீரைக் கம்பெனி எங்காவது கொட்டியாக வேண்டும். பர்தெஸ்பீயிலிருந்து பதினோரு கிலோமீட்டரில், இரண்டு மலைக்கு அப்பால் ஒரு பழைய கிணறு சும்மா கிடந்தது. அதை ஆழப்படுத்தி, உப்புத் தண்ணீரைப் பாறைக்குள் அழுத்தி மூடிவிடலாம் என்று திட்டம். பாறை இறுக்கமானது, தண்ணீர் போட்ட இடத்திலேயே கிடக்கும் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். அதற்காக டெஹ்ரானிலிருந்து வந்தவர்தான் ரஸ்தேகார். இருபத்தேழு மீட்டர் தோண்டினார்கள். பத்தொன்பது மீட்டர் முழுக் கல்லாக வந்தது. மீதி எட்டில் இரண்டு பை உடைசல், மற்றது காற்று.

நான் பத்தொன்பது துண்டையும் அளந்தேன். கல் எவ்வளவு வழி விடும் என்பதை மில்லிடார்சியில் சொல்வோம்; சராசரி கால் மில்லிடார்சிகூட இல்லை. செங்கல்லே அதைவிடத் தாராளமாக வழி விடும். டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"பானை மாதிரி இருக்கு. உப்புத் தண்ணி ஆயிரம் வருஷம் ஆனாலும் அசையாது."

கொதாகரம் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தார். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள்.

"டாக்டரே, எட்டு மீட்டர் எங்க?"

"எந்த எட்டு மீட்டர்?"

"வராத எட்டு மீட்டர். இருபத்தேழு தோண்டுனீங்க. பத்தொம்பதுதான் பெட்டியில இருக்கு."

"அது எடுக்கும்போது ஒடஞ்சிருக்கும். உங்க ஆளுங்க கை அப்படி."

"எங்க ஆளுங்க கையா?" அவர் இரண்டு விரல் இல்லாத கையை நீட்டினார். "இந்தக் கைதான் பன்னண்டு வருஷம் கோர் எடுத்தது. இந்த மலையில ஒரு கெணத்துல, தோண்டுறப்போ ஊத்துற சேறு முப்பது தொட்டி ஊத்துனோம். பாறை குடிச்சிக்கிட்டே இருந்துச்சு. கீழ இருந்து ஒரு சொட்டு திரும்பல. அந்தப் பாறையையும் உங்கள மாதிரி ஒருத்தர் இறுக்கம்னுதான் எழுதினாரு."

"அப்போ கணக்கு தப்புங்கிறியா?"

"கணக்கு சரிதான். ஊருல ஜனம் வீட்டுக்குள்ள இருக்கும், ஆனா நடக்குறது தெருவுல. நீங்க வீட்டுச் சுவரையே கொடஞ்சு பாத்துட்டு ஊருல நடமாட்டமே இல்லங்கிறீங்க. தெரு இருந்த இடம்தான் நொறுங்கிப் போச்சு."

அப்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கல்லை அறுக்கிறவனுக்கு என்ன தெரியும் என்று. இனிமேல் அவரை அந்த ஆள் என்றுதான் சொல்லப் போகிறேன், மன்னிக்கவும்.

கொதாகரம் தன் ரம்ப மேசைக்குக் கீழே குனிந்து ஒரு பையை இழுத்து, உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து என் மேசையில் வைத்தார். "கானும், இதோட ஒடஞ்ச பக்கத்தப் பாருங்க." கானும் என்றால் அம்மா; எப்போதும் என்னை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்.

பார்த்தேன். எடுக்கும்போது உடைந்த கல் என்றால் உடைப்பு புதுசாக, சுத்தமாக இருக்கும். இதில் சின்னச் சின்ன வெள்ளைப் படிகங்கள் முளைத்திருந்தன. படிகத்தின் மேல் பழுப்பு எண்ணெய்க் கறை. படிகம் ஒரே நாளில் முளைக்காது. நாங்கள் யாரும் பிறப்பதற்கு முன்பே, எங்கள் மலையே முழுதாக எழும்புவதற்கு முன்பே வெடித்த வெடிப்பு அது. அதன் வழியாக ஏதோ ஒன்று காலம் காலமாக ஓடியிருக்கிறது.

உடைசலிலிருந்து, வெடிப்பு குறுக்கே ஓடிய ஒரு துண்டை அவரே பசை போட்டு ஒட்டி, மெதுவாக அறுத்துத் தந்தார். வழக்கத்துக்கு மாறாக நானும் அதை உறைக்குள் வைத்து இறுக்கினேன். வாயுவைத் திறந்ததும் மானியின் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பெரிய மானியை மாற்றிப் போட்டேன். ஆயிரத்து நானூறு மில்லிடார்சி. நல்ல கல்லைப் போல ஐயாயிரம், ஆறாயிரம் மடங்கு.

இருபதாவது வரியாக அதை எழுதிக் கொடுத்தேன். அந்த ஆள் அந்த வரியைப் பேனாவால் அடித்தார். விரிசல் விட்ட மாதிரியை எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே, உனக்குத் தெரியாதா என்று கேட்டார். விதி இருந்தது உண்மை. அந்த விதியை எழுதியவன் இந்த மலையில் ஒரு நாள் கூடத் தண்ணீர் குடித்திருக்க மாட்டான். பத்தொன்பது வரியோடு தாளைப் புதிதாகத் தட்டச்சு செய்து கொண்டு வந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள். வேலை போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

கொதாகரம் என்னைத் திட்டவில்லை. எட்டாம் நாள் வந்து, "கானும், அந்த அணைக்காரங்க விட்டுட்டுப் போன சாயம் உங்க பீரோவுலதானே இருக்கு?" என்றார்.

இருந்தது. அணையிலிருந்து தண்ணீர் எங்கே கசிகிறது என்று பார்க்க வந்தவர்கள் விட்டுப்போன நான்கு கிலோ டப்பா. செங்காவித் தூள். தண்ணீரில் ஒரு சிட்டிகை விழுந்தாலும் கிளிப் பச்சை. குடித்தால் ஒன்றும் செய்யாது. அவர் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, கை கழுவப் போவதுபோல வெளியே போனேன்.

ஏழாம் கிணற்றில் உப்புத் தண்ணீருக்கு முன்னால் ஒரு வாரம் நல்ல தண்ணீரை அழுத்திச் சோதனை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த காலிக் கோர்ப் பெட்டிகளை ஏற்றி வர கொதாகரம் லாரியில் போனார். மேடை ஆட்கள் எல்லாம் பழைய கூட்டாளிகள். நண்பகல் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் அவர்கள் போன நேரத்தில், நான்கு கிலோவையும் கலக்கும் தொட்டியில் கொட்டிவிட்டார். திரும்பி வந்த மேற்பார்வையாளன் தொட்டியைப் பார்த்து, "இது என்னடா பச்சை?" என்றானாம். "கம்பெனி அனுப்புற மருந்துல எதுதான் கலரா இல்ல?" என்று சொல்லிவிட்டு இவர் பெட்டியை ஏற்றியிருக்கிறார். அவனும் தலையாட்டிவிட்டுப் பம்பைப் போட்டான். எங்கள் கம்பெனியில் எவனும் எதையும் இரண்டாம் முறை கேட்க மாட்டான்.

நான்காம் நாள் காலையில் பர்தெஸ்பீ ஊற்று பச்சையாக வந்தது.

லேசான பச்சை இல்லை. வாதுமைத் தோப்பின் வாய்க்கால் முழுக்கக் கண் கூசும் பச்சை. பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு அலறினார்கள். ஆடுகளை இழுத்துக் கட்டினார்கள். கொதாகரம் முந்தின நாளே விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்திருந்தார். ஊரே பார்க்க ஒரு கிண்ணம் மொண்டு குடித்தார். அவருடைய தம்பி பைராம்கான் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"அறிவு கெட்டவனே, புள்ளைங்க குடிக்கிற தண்ணியிலயா வெளையாடுவ?"

"இது வெறும் சாயம்டா. மூணு நாள்ல போயிடும். அடுத்த மாசம் இதே வழியில உப்பு வரும். அது போகவே போகாது. எது வேணும்னு நீயே சொல்லு."

பைராம்கான் கையை எடுத்தான். ஆனால் ஊர் அதற்குள் சுகாதார அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிவிட்டது. சுகாதார அலுவலகம் கம்பெனியைக் கேட்டது. அந்த ஆள் ஏழாம் கிணற்றுக்கு ஓடினார், தொட்டியின் ஓரத்தில் பச்சைக் கறையைப் பார்த்தார், மேற்பார்வையாளனை உலுக்கினார், லாரிப் பதிவேட்டைப் பார்த்தார். கோபம் தலைக்கேறினால் மனிதனுக்குப் புத்தி எங்கே போகும்? அன்று மாலையே இரண்டு பக்கப் புகார் எழுதினார். ஊழியர் கொதாகரம், கம்பெனிச் சொத்தான சாயத்தைத் திருடி, ஏழாம் கிணற்றின் சோதனைத் தொட்டியில் கலந்து, அதன் மூலம் பர்தெஸ்பீ கிராமத்தின் குடிநீர் ஊற்றை மாசுபடுத்தினார். கையெழுத்து, முத்திரை, பதிவு எண். சுகாதார அலுவலகத்துக்கு ஒரு நகல், மாகாண ஆளுநர் அலுவலகத்துக்கு ஒரு நகல்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். நான் சாட்சியாக உட்கார்ந்திருந்தேன். குழுத் தலைவர் நூரோல்லாஹி நரைத்த தாடிக்காரர், பழைய வக்கீல். புகாரை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி படித்தார். அந்த ஆளைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. கிணற்றில் போட்டது ஊற்றில் வந்தது என்று கம்பெனியே கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கிறது என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

கொதாகரமைப் பார்த்துத் தேனாகப் பேசினார்.

"கொதாகரம், உக்காருங்க. தேத்தண்ணி குடிங்க. முப்பது வருஷ சர்வீஸ். ரெண்டு விரல் குடுத்திருக்கீங்க. உங்களத் திருடன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"சொல்லுங்க, பரவாயில்ல."

"இருங்க. நீங்க ஊருக்குப் போயிருந்தீங்க. ஊத்துகிட்ட இருந்தீங்க. ஏதோ கோவத்துல சாயத்த நேரா ஊத்துலயே போட்டுட்டீங்க. அப்படித்தானே? அப்படி எழுதுனா வெறும் குறும்பு. ஒரு எச்சரிக்கையோட முடிச்சுடலாம். வேலை இருக்கும், ஓய்வூதியம் இருக்கும். டாக்டர் புகார வாபஸ் வாங்கிடுவாரு."

அந்த ஆள் தலையை வேகமாக ஆட்டினார்.

கொதாகரம் தேநீரைத் தொடவில்லை. "ஊத்துல போடல. கெணத்துல போட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"நாலு நாள் யோசிச்சேன். ஏழாம் கெணத்துத் தொட்டியில, மத்தியானம், நாலு கிலோ. நாலாம் நாள் எங்க ஊருல வந்துச்சு. டாக்டர் எழுதுனதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்ல. ஆய்வுக்கூடத்துல அவரு எழுதுனதுல இது ஒண்ணுதான் சரி."

"அய்யா, இதுக்கு வேலை போயிடும். ஓய்வூதியமும் போயிடும்."

"போகட்டும்."

"உங்க பொண்டாட்டி புள்ளைங்க?"

கொதாகரம் எழுந்து நின்றார். குரல் உயர்ந்ததும் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "எங்க ஊருல நாப்பது பேருக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க. என்னய மன்னிக்க நீங்க யாரு? நான் குத்தம் பண்ணியிருக்கேன். நாந்தான் பண்ணேன். தண்டனையக் குடுங்க. எழுதிக் குடுங்க!"

தண்டனை கேட்டுச் சண்டை போட்ட மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நகல்கள் ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தன. அவரும் அசையவில்லை. நூரோல்லாஹியால் வேறென்ன செய்ய முடியும்? சாயம் எப்படிக் கிடைத்தது என்று கடைசியாகக் கேட்டார். கொதாகரம் என் பக்கம் திரும்பவே இல்லை. "பூட்டியிருந்த பீரோவத் தொறந்து திருடுனேன்" என்றார். சாட்சிக் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினார்கள், போட்டேன். இரண்டாம் தடவை.

உத்தரவு வந்தது. திருட்டு, குடிநீரை மாசுபடுத்தியது, பணிநீக்கம், ஓய்வூதியம் இல்லை. அந்த உத்தரவைப் படித்த சுகாதார அலுவலகம், ஏழாம் கிணற்றில் இனி ஒரு சொட்டு இறங்கக் கூடாது என்று எழுதியது. கிணற்றைச் சிமெண்டால் அடைத்தார்கள். அந்த ஆள் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? மறு வருடம் டெஹ்ரானில் ஒரு மாநாட்டில், வெடிப்புள்ள பாறையில் நீரோட்டம் பற்றிப் படம் போட்டுப் பேசினார். எங்கள் களச் சோதனை என்று சொன்னாராம். பச்சை வாய்க்கால் படமும் இருந்ததாம். இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்து வருடம் கழித்துக் கம்பெனியில் நிர்வாகம் மாறியது. பழைய பணிநீக்கங்களை மறுபடி பார்க்கிறோம், மனுக் கொடுக்கலாம் என்றார்கள். நான் உட்கார்ந்து எழுதினேன். சாவி கொடுத்தது நான், அவர் திருடவில்லை, இருபதாவது வரியை அடித்தது யார் என்று எல்லாம் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு பர்தெஸ்பீக்குப் போனேன்.

கொதாகரம் அடுத்தவன் தோப்பில் வாதுமை உலுக்கிக்கொண்டிருந்தார், கூலிக்கு. நரைத்துப் போயிருந்தார். கீழே உட்கார்ந்து தாளை மெதுவாக முழுதும் படித்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன், வெட்கங்கெட்டவள்.

"இத எவன்கிட்டயாவது காட்டுனியா?" அதுவரை என்னை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை.

"இன்னும் இல்ல. நாளைக்குக் குடுக்கப் போறேன். உங்க பேரு சுத்தமாயிடும்."

"எம் பேரு சுத்தமாச்சுன்னா அந்த உத்தரவு என்ன ஆகும்?"

எனக்குப் புரியவில்லை.

"ரத்தாயிடும்ல? ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எவனாவது சூட்டுப் போட்டவன் வாறான். சிமெண்ட ஒடைக்கலாமா, உப்பு எறக்கலாமான்னு அளக்குறான். பைராம்கான் அந்த உத்தரவ எடுத்து அவன் மூஞ்சிக்கு நேரா நீட்டுவான். கெணத்துல போட்டா ஊத்துல வரும்னு கம்பெனியே எழுதியிருக்கு, நான் திருடன்னு எழுதுன அதே தாள்ல. பொத்திக்கிட்டுப் போயிடுவான். இந்த ஊருகிட்ட வேற என்ன காகிதம் இருக்கு? உன்னோட பத்தொம்பது வரியா?"

மனுவைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன், அவர் தரவில்லை.

"நான் திருடனா இருக்குற வரைக்கும் தண்ணி இனிக்கும். போ."

மனுவை நான்காக, எட்டாகக் கிழித்து, காற்றில் பறக்காமல் என் கைப்பைக்குள்ளேயே போட்டு மூடினார். பிறகு எழுந்துபோய் மரத்தை உலுக்க ஆரம்பித்தார்.